வராசாவின் தோட்டம்

ரம்பம் பாதி மரத்தில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“தள்ளு,” என்றான் வராசா.

“தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றாள் அவன் மனைவி ஜெனபெச். தோளை அடிமரத்தில் கொடுத்து, வெறுங்காலைச் சருகில் ஊன்றியிருந்தாள். “இதுக்கு மேல தள்ளணும்னா மரத்தோட நானும் விழணும்.”

“அந்தப் பக்கம் இல்ல. மேட்டுப் பக்கமா. வெட்டு வாய் மூடிக்கிச்சு பாரு.”

அவள் சுற்றி வந்து தள்ளினாள். மரம் முனகியது. வெட்டு ஒரு விரற்கடை திறந்தது. ரம்பம் விடுபட்டது. பத்து இழுப்பில் மரம் நிழல்மரத்தின் கிளையை உரசிக்கொண்டு சாய்ந்தது. பதினான்காவது மரம். இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன.

காப்பி மரத்தை இப்படி அறுப்பது அதைக் கொல்வது அல்ல. முழங்காலுக்குக் கீழே, மழைநீர் தங்காமல் வழிந்துபோகும்படி சாய்வாக அறுத்தால் கட்டையில் தளிர் விடும். மூன்றாம் வருடம் மறுபடி காய்க்கும். அதுவரை மரம் ஒன்றும் கேட்காது, ஒன்றும் தராது.

அந்த மூன்று வருடம்தான் வராசாவுக்கு வேண்டியிருந்தது.

ஹவாஸா நகரத்தில் அவர்கள் மகள் தரிகுவா ஏரிக்கரையில் மீன் வறுத்து விற்கிறாள். அவள் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில் ஐந்து வருடமாக இருக்கிறது. தாத்தா கட்டில் என்று பேரப்பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதில் வராசா நான்கு இரவுகள் படுத்திருக்கிறான். ஐந்தாம் நாள் காலையில் காப்பிப் பழம் வாங்கும் தெஃபெரியிடமிருந்து போன் வந்தது. தோட்டம் பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள், உடனே திரும்பி வந்து தோட்டத்தில் நில் என்றார். வராசா பஸ் ஏறி வந்து நின்றான். அதற்குப் பிறகு மூன்று முறை கிளம்பினான். மூன்று முறையும் பஸ் நிறுத்தத்தோடு சரி.

“மரம் இருக்கிறதாலதானே நிக்கச் சொல்றான்,” என்று முந்தாநாள் மனைவியிடம் சொன்னான். “இல்லாட்டி எதுக்கு முன்னாடி நிக்கச் சொல்வான்?”

 அவள் பரணிலிருந்து ரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள்.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரம்மா இந்த மலைக்கு வந்தாள். தன் ஊரில் காப்பி வறுத்து விற்பவள், பெயர் மாரித். கீழே காப்பி கழுவிக் காயவைக்கும் நிலையத்தை நடத்தும் தெஃபெரிதான் அவளைக் கூட்டி வந்தார். அன்று வராசா தன் சிநேகிதன் பெதேச்சாவின் மூட்டையைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தான். பெதேச்சாவுக்கு முதுகு பிடித்திருந்தது. நில்லுங்கள் என்றார்கள். நின்றான். பழத்தைக் கையில் அள்ளுங்கள் என்றார்கள். மூட்டையிலிருந்து அள்ளினான். பின்னால் மரங்கள் தெரிய வேண்டும் என்று அவன் தோட்டத்துக்குள் நிறுத்தினார்கள். படம் எடுக்கும் ஆள் பின்வாங்கிப் பின்வாங்கிப் போய்ச் சாணியில் கால் வைத்தான். வராசா வாய்விட்டுச் சிரித்தான். அந்த நொடியில் மாரித்தே இன்னொரு படப்பெட்டியால் அவனைப் படம் எடுத்துவிட்டாள்.

மறுவருடம் ஒரு காப்பிப் பை வந்தது. அதில் பச்சைக் குல்லாயோடு, ஒரு முன்பல் இல்லாமல், பெதேச்சாவின் பழங்களைக் கையில் ஏந்தி வராசா சிரித்துக்கொண்டிருந்தான். கீழே எழுதியிருந்ததைத் தெஃபெரி படித்துக் காட்டினார். வராசாவின் தோட்டம். ஒரே தோட்டம், ஒரே மனிதன்.

அவன் தோட்டத்தில் நூற்றுச் சொச்சம் மரம். நல்ல வருடத்தில் ஆறு மூட்டைப் பழம் வரும். மாரித் கேட்டதோ மேடையெல்லாம் பரப்பிக் காயவைக்கும் அளவுக்கு. மலையில் நாற்பது வீட்டுப் பழமும் அந்தப் பெயரில் போயிற்று. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. முதல் வருடம் பக்கத்து வீடு, இரண்டாம் வருடம் அதற்கடுத்த வீடு என்று அதுபாட்டுக்கு நடந்தது.

பிறகு வராசா மாற முடியாமல் போயிற்று. குல்லாய் கிழிந்தது. தெஃபெரி தன் ஊரான தில்லாவின் கடைத்தெரு முழுக்க அலைந்து அதே பச்சையில் ஒன்று வாங்கி வந்தார். தரிகுவா அப்பாவுக்குப் பல் கட்டப் பணம் அனுப்பினாள். “பல்லை மட்டும் கட்டிடாதீங்க,” என்றார் தெஃபெரி. மரங்கள் கிழடாகிக் காய்ப்பு பாதியானது. அறுத்துவிடலாமா என்று கேட்டான். “படத்துல இருக்கிற வரிசையை எப்படிங்க அறுக்கிறது?” என்றார். அவன் ஓட்டை வாயோடு, மகளின் கல்யாணத்தில் போட வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்ன குல்லாயோடு, காய்க்காத மரங்களின் முன்னால் வருடா வருடம் சிரித்தான். இப்போது அவனுக்கு ஐம்பத்து நான்கு.

படத்தில் முதுகுக்குப் பின்னால் தெரிந்த அந்த வரிசையில் இருபத்து மூன்று மரம். அதில்தான் முதலில் கை வைத்தான். பதினான்கு முடிந்தது. ஒன்பது பாக்கி.

“ஏய் வராசா! உனக்கென்ன பேய் கீய் புடிச்சிருச்சா?”

வாழைபோல் உயர்ந்து நின்ற என்செட் இலைகளை விலக்கிக்கொண்டு பெதேச்சாவின் மனைவி புர்துகான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையில் குடம்.

“மரம் கெழமாயிருச்சு. அறுக்கிறேன்.”

“கெழமாயிட்டா பொண்டாட்டியையும் அறுப்பியா?”

“அதுக்கு இந்த ரம்பம் பத்தாது,” என்றாள் ஜெனபெச்.

“நீ பேசாத. தள்ளிக் குடுக்கிறா பாரு, தோளைக் குடுத்து!” புர்துகான் குடத்தைக் கீழே வைத்தாள். “நாளன்னிக்கு வெள்ளைக்காரம்மா வர்றா. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா அறுக்கிற?”

வராசா பதினைந்தாவது மரத்தில் ரம்பத்தை வைத்தான். புர்துகான் திரும்பி வீட்டைப் பார்த்துக் கத்தினாள். “யோவ்! வெளியில வா! உன் சிநேகிதன் பண்ற கூத்தப் பாரு!”

பெதேச்சா வந்தான். உயரமானவன். அதிகம் பேசமாட்டான். விழுந்து கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு கட்டையின் வெட்டைக் கையால் தடவினான்.

“சாய்வு நல்லா வந்திருக்கு,” என்றான்.

“சாய்வாம்!” என்றாள் புர்துகான்.

அப்போது பெதேச்சாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். ம் என்றான். மறுபடி ம் என்றான். போனைக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

“தெஃபெரி. பாதை காஞ்சு கெடக்கு, இன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டேங்கிறார். ஆத்துப் பாலத்துக்கிட்ட வண்டி நிக்குது. நிலையத்தப் பாத்துட்டு மேல ஏறுறாங்களாம்.”

கொஞ்ச நேரத்தில் வேலியோரம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கொன்று பேசினார்கள். மரத்தைத் தூக்கி நட்டுவைக்கலாம் என்றான் ஒருவன். உன் தலையை நடு என்றாள் புர்துகான்.

“யாரும் ஒண்ணும் பண்ண வேணாம்,” என்றான் வராசா. “வரட்டும். நான் சொல்லிடறேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“நான் ஒருத்தன் இல்ல, நாப்பது வீடுன்னு. எட்டு வருசமா இப்படித்தான்னு.”

“சொல்லு,” என்றாள் புர்துகான். அவள் குரல் இறங்கியிருந்தது. “மொதல்ல அந்தா அதுகிட்டப் போயி சொல்லு.”

அவள் காட்டியது பாதை முக்கில் இருந்த தண்ணீர்க் குழாயை. சிமெண்டு மேடையில் இரண்டு குழாய். மாரித்தின் ஊரில் காப்பி குடிப்பவர்கள் சேர்ந்து போட்டுக் கொடுத்தது. வராசாவின் தோட்டத்து மனிதர்களுக்கு என்று அதில் பித்தளைத் தகடு உண்டு. அது வருவதற்கு முன் பெண்கள் ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். ஜெனபெச் தன் இரண்டாவது பிள்ளையை அந்த ஏற்றத்தில்தான் இழந்தாள். ஏழாவது மாதம், முதுகில் குடம்.

வராசா மனைவியைப் பார்த்தான். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போ, குல்லாயை எடுத்துட்டு வா,” என்றாள் அவனிடம்.

திட்டம் புர்துகானுடையது. வெள்ளைக்காரம்மாவை இந்தப் பக்கமே விடக்கூடாது. பாதையிலிருந்து நேராகப் பெதேச்சாவின் தோட்டத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அவளுக்கு எல்லா மரமும் ஒன்றுதான், எல்லா வீடும் ஒன்றுதான். அங்கே கடைசிப் பறிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது, பழமும் சிவப்பாகத் தெரியும். வராசா அங்கே நிற்பான். அதுதான் அவன் தோட்டம், அதுதான் அவன் வீடு.

“நான் யாரு?” என்று கேட்டான் பெதேச்சா.

“நீ பழம் பறிக்க வந்த ஆளு.”

“என் தோட்டத்துலயா?”

“ஒரு மத்தியானத்துக்குத்தானே.”

வண்டி வந்தது. மாரித் முன்பைவிட இளைத்திருந்தாள். முன்கையில் ஒரு நீளமான தீக்காயத் தழும்பு, வறுக்கும் எந்திரம் சுட்டது. வராசாவைக் கண்டதும் ஓடி வந்து இங்குள்ள வழக்கப்படி தோளோடு தோள் மூன்று முறை இடித்துக்கொண்டாள். பின்னால் தெஃபெரி. அவருக்குப் பின்னால் அடிஸ் அபாபாவிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் பீருக். முப்பது வயது, புதுச் செருப்பு.

வீடு இடம் மாறியிருந்ததைத் தெஃபெரி உடனே கவனித்தார். புர்துகான் அவர் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் முகம் வெளுத்து, பிறகு சரியாயிற்று.

மாரித் மரங்களுக்குள் போனாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள், பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டுச் சப்பினாள், கொட்டையைக் கையில் துப்பிக்கொண்டாள். ஒரு மரத்தின் அடியில் நின்று ஏதோ கேட்டாள். மற்ற மரங்களைவிடப் பெருத்த மரம்.

“இதை யாரு நட்டதுன்னு கேக்கிறாங்க, காஷே,” என்றான் பீருக். வயதில் மூத்தவனை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

வராசாவுக்குத் தெரியும். பெதேச்சாவின் தகப்பனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று பெதேச்சா நட்டது. குழி தோண்டியது வராசா. இருபத்தெட்டு வருடம்.

“எங்க அப்பா நட்டதுன்னு சொல்லுங்க,” என்று தெஃபெரி பக்கத்தில் முணுமுணுத்தார்.

 கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெதேச்சா, திரும்பாமலே, “இருபத்தெட்டு வருசத்து மரம்,” என்றான்.

“இவரு யாரு?” என்று மாரித் கேட்டாள்.

“பறிக்க வந்தவர்,” என்றார் தெஃபெரி. “நல்ல ஆள்.”

மாரித் பெதேச்சாவுக்கும் கை கொடுத்தாள். அவன் பழக்கறை படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தான். கொடுத்துவிட்டு மறுபடி பறிக்கத் திரும்பினான். காம்போடு இழுத்து இழுத்துப் பறித்தான். அவன் ஒருநாளும் அப்படிப் பறிக்கிறவன் அல்ல.

விருந்துக் காப்பிக்காக வீட்டுக்குள் பசும்புல் பரப்பியிருந்தது. கரி அடுப்பின் முன்னால் முக்காலியில் ஜெனபெச் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரி அவள்தானே. வறுக்கும் தகட்டைக் கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் கிளறும் கம்பி எங்கே என்று தெரியவில்லை. கேட்கவும் முடியாது. விருந்தாளிபோல் சுவரோரம் உட்கார்ந்திருந்த புர்துகான் கண்ணால் கூரைச் செருகலைக் காட்டினாள். காப்பியில் போடும் உப்புக்கு மறுபடி கண்ணால் காட்டினாள். கிண்ணங்களுக்குத் தாடையால்.

“உங்க பக்கத்து வீட்டம்மாவுக்குக் கண்ணுல ஏதாவது விழுந்துருச்சான்னு கேக்கிறாங்க,” என்றான் பீருக்.

“பொறந்ததுலேர்ந்தே அவளுக்கு அப்படித்தான்,” என்றாள் ஜெனபெச். எல்லோரும் சிரித்தார்கள். புர்துகானும் சிரித்தாள். அந்த மத்தியானத்தில் சிரிக்க இருந்தது அவ்வளவுதான்.

முதல் கிண்ணம் வந்தது. பிடியில்லாத சிறு கிண்ணம், விளிம்புவரை. வறுத்த வாற்கோதுமை சுற்றி வந்தது. மாரித் குடித்துவிட்டுப் பேசினாள். பீருக் சொல்லச் சொல்ல வராசா கேட்டான். செவ்வாயும் வெள்ளியும் அவன் காப்பியை அவளே வறுக்கிறாள். வேறு யாரையும் தொடவிடுவதில்லை. கொட்டை முதல் முறை வெடிக்கிற சத்தம் கேட்டதும் நொடிகளை எண்ணத் தொடங்குவாள். எந்திரத்துக்கு மேலே அவன் படம் மாட்டியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் கடையை மூடிவிடலாம் என்று நினைத்தாள். வீட்டில் கணவன் போய்விட்டான், கடையில் வேலை செய்தவர்களும் போய்விட்டார்கள். காலையில் போய் அவன் சிரிப்பதைப் பார்ப்பாள். இந்த மனிதன் மரத்தை விட்டுப் போகவில்லையே, நான் எப்படிப் போவது என்று நினைப்பாள்.

“அதான் மூடலையாம், காஷே. உங்களாலதானாம்.”

வராசா கிண்ணத்தைப் பார்த்தான். அடியில் மண்டி தங்கியிருந்தது.

இரண்டாவது கிண்ணம் வந்தது. ஜெனபெச் மண்கூஜாவில் மறுபடி தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். அப்போதுதான் புர்துகானின் முகம் மாறியது. முதலில் அவளுக்குத்தான் உறைத்தது. அவள் ஜெனபெச்சைப் பார்த்தாள். ஜெனபெச் வராசாவைப் பார்த்தாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெதேச்சா ஒருவரையும் பார்க்கவில்லை.

திட்டம் போட்டபோது மூன்றாவது கிண்ணம் யாருக்கும் நினைவு வரவில்லை.

மூன்றாவது கிண்ணம் குடிக்காமல் யாரும் எழுந்து போக முடியாது. அதைக் குடிக்கும் முன் வீட்டுக்காரன் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஆசி சொல்ல வேண்டும். வீட்டை, பிள்ளைகளை, மாட்டை, கடைசியாக மரங்களை இன்ன மூலையில் இன்னது என்று பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும். இந்த மலையில் நிலத்துக்குக் காகிதம் வந்தது நேற்று முந்தாநாள். அதற்கு முன்னால் நான்கு பேர் முன்னிலையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என் மரம் என்று வாழ்த்தினானே, அதுதான் காகிதம். இன்னொருவன் மரத்தை அப்படி ஒருவன் வாழ்த்தினால், அவன் அதை வாயால் திருடினான் என்று அர்த்தம். மாட்டைத் திருடியவனோடுகூடப் பேசுவார்கள். இவனோடு பேசமாட்டார்கள்.

கூஜா கொதித்தது. ஜெனபெச் மெதுவாக, மிக மெதுவாக ஊற்றினாள். கடைசிக் கிண்ணம் வராசாவின் கைக்கு வந்தது. அறையில் பேச்சு நின்றது. மாரித்துக்கு இது தெரியும், எட்டு வருடமாகப் பார்க்கிறாள். குனிந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க,” என்றார் தெஃபெரி. அவர் தில்லாக்காரர், வியாபாரி மகன், மலையில் பிறந்தவர் அல்ல. “சட்டுனு ஏதாவது சொல்லி முடிங்க.”

வராசா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். சூடு விரலுக்கு ஏறியது. எழுந்து போகலாம் என்றால் மூன்றாவது கிண்ணம். வாழ்த்தலாம் என்றால் பெதேச்சாவின் மரம். சும்மா இருக்கலாம் என்றால் எல்லோருடைய கண்ணும். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அது எட்டு வருடமாக அவன் நாக்குக்கு அடியில் கிடந்தது.

பீருக்கைப் பார்த்து, அவனுக்குப் புரியும்படி அம்ஹாரி மொழியில் சொன்னான்.

“தம்பி, அந்தம்மாகிட்ட சொல்லு. இந்த மரம் என்னுது இல்ல. இந்த வீடும் என்னுது இல்ல.”

பீருக் ஒரு கணம் தயங்கினான். பிறகு சொன்னான்.

 புர்துகான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாரித் நிமிர்ந்தாள். அவள் கண்கள் நிறைந்துகொண்டு வந்தன. ஏதோ கேட்டாள்.

“அப்ப மரம் யாரோடதுன்னு கேக்கிறாங்க, காஷே.”

“அவனுது.” வாசற்படியைக் காட்டினான். “பெதேச்சாவுது.”

பீருக் பெதேச்சாவின் பக்கம் திரும்பினான். மாரித்தும் திரும்பினாள். பெதேச்சா எழுந்து நின்றான். உயரத்தால் தலை நிலைப்படியில் முட்டியது. இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் அவன் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை.

“ஆமாம்மா,” என்றான். “என்னுதுதான். நான் நட்டது.”

தெஃபெரி சிரித்தார். நல்ல, தாராளமான சிரிப்பு. பிறகு மாரித்திடம் அவள் மொழியில் நேராகப் பேசினார். கையை வீசி மலை முழுவதையும் காட்டினார். வராசாவைக் காட்டினார், பெதேச்சாவைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்தார். மாரித் கேட்கக் கேட்கத் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

“அவர் என்ன சொன்னாரு?” என்று வராசா கேட்டான்.

பீருக் தன் புதுச் செருப்பைப் பார்த்தான். “இந்த மலையில யாரும் மரத்தத் தன்னுதுன்னு சொல்ல மாட்டாங்களாம், காஷே. பக்கத்து வீட்டுக்காரனைத்தான் கைகாட்டுவாங்களாம். அவன் இன்னொருத்தனைக் காட்டுவானாம். பெரியவங்க காலத்துலேர்ந்து அதான் வழக்கமாம்.”

“அப்படி ஒரு வழக்கம் இல்லியே.”

“தெரியும், காஷே.”

“அப்ப அவகிட்ட சொல்லு.”

பீருக் தெஃபெரியைப் பார்த்தான், பிறகு வராசாவை. “நான் அவரு வண்டியிலதான் திரும்பிப் போகணும்,” என்றான்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வாசற்படியிலிருந்து பெதேச்சா உள்ளே வந்தான். புல்லின் மேல் வராசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வராசாவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். இது அவன் வீடு. வேறு யார் சொல்வது?

தங்கள் பாஷையில், யாருக்கும் கேட்டும் கேட்காமலும், அவன் வாழ்த்தினான். வீட்டை வாழ்த்தினான். புர்துகானை வாழ்த்தினான், அவள் நாக்கைத் தவிர்த்து. பிள்ளைகளை, மாட்டை, தகப்பன் செத்த அன்று நட்ட மரத்தை. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் ஆமென் என்றார்கள். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, “அறுபட்ட பதினாலு மரமும் தளிர்க்கட்டும்,” என்றான்.

“ஆமென்,” என்றாள் ஜெனபெச்.

“ஆமென்,” என்றாள் மாரித். பிறகு தெஃபெரியிடம் ஏதோ வியந்து சொன்னாள். பீருக் கேட்காமலே மொழிபெயர்த்தான். அவன் குரலில் உயிர் இல்லை. “பாருங்க, ஆசியைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரையே சொல்ல வைக்கிறாருங்கிறாங்க.”

கிளம்பும் முன் மாரித் இரண்டு விஷயம் சொன்னாள். புதுப் பையில் வராசா சொன்ன வார்த்தையை அப்படியே அச்சடிக்கப் போகிறாள், படத்துக்குக் கீழே. இந்த மரங்கள் என்னுடையவை அல்ல. இரண்டாவது, வருகிற ஹிதார் மாதம் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது படம் பிடிக்கிறவர்களை அனுப்புவாள். ஒரு வருடம் மட்டும் அல்ல, அடுத்த மூன்று வருடப் பறிப்புக்கும் வருவார்கள். அவன் இந்தத் தோட்டத்தில் நடப்பதை, இந்த வீட்டில் குடிப்பதை எல்லாம் எடுப்பார்கள்.

“மூணு வருசம்,” என்றான் வராசா.

“ஆமா, காஷே. மூணு.”

அவள் மறுபடி தோளோடு தோள் இடித்தாள். பிறகு படப்பெட்டியை எடுத்து, கொஞ்சம் சிரியுங்கள் என்று சைகை காட்டினாள். பெதேச்சா விலகி நின்றான். வராசா சிரித்தான்.

மறுநாள் நல்ல வெயில். வராசா மீதி ஒன்பது மரங்களையும் அறுத்தான். ரம்பம் இரண்டு முறை சிக்கியது. ஜெனபெச் தள்ளிக் கொடுத்தாள். பெதேச்சா வெட்டுக்கத்தியோடு வந்து கிளைகளைக் கழித்து விறகாகக் கட்டினான். முந்தின நாளைப் பற்றி யாரும் பேசவில்லை. மத்தியானம் தெஃபெரியின் ஆட்கள் இரண்டு பேர் ஒரு பலகையைக் கொண்டுவந்து பெதேச்சாவின் வேலியில் அடித்தார்கள். அதில் வராசாவின் பெயரும் படமும் இருந்தன. ஆணி போதவில்லை. புர்துகான் வீட்டிலிருந்து இரண்டு ஆணி கொடுத்தாள். பிறகு தரிகுவா போன் பண்ணினாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். சொல்கிறேன் என்றாள் ஜெனபெச். ஹவாஸா பஸ் வழக்கமான நேரத்தில் கீழ்ப்பாதையில் போயிற்று. வராசா முக்குக் குழாயில் கை கழுவினான். பித்தளைத் தகட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.